உன்னுதையும் அவனுதையும்

என் குரல்தான் அது. முதலில் யாரோ ஒரு கிழவி சுவருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் கரகரப்பு, நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு, பாவம் யாருக்கோ இழுப்பு இருக்கிறது போல என்று. அப்புறம் அந்தக் கிழவி "என்னத்த சொல்றது, போ" என்றாள். அந்தப் 'போ'வை அப்படித் தரையில் போட்டுவிட்டு எழுந்து போகிறவள் பண்ருட்டியில் எங்கள் தெருவிலேயே நான் ஒருத்திதான். தலையைத் தூக்கிப் பார்த்தேன். சிலை வைத்துக் காட்டுகிற இந்தக் கூடத்தின் நாலு மூலையிலும் உயரத்தில் கறுப்பாகச் சின்னச் சின்னப் பெட்டிகள், அதிலிருந்துதான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன். கீழே முதல் வரிசை நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மேலே நிறுத்தாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். "அவன் தலையில ஒரு வாசனை வரும், பச்சரிசி ஊறவச்ச தண்ணி மாதிரி." இதை எப்போது சொன்னேன். யாரிடம் சொன்னேன். என் சின்னவன் குப்புவிடம்தான். போன வருஷம் ஆடியிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவனிடமிருந்து போன் வரும். சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியா, அண்ணனைப் பத்திச் சொல்லும்மா. சிலை செய்யப் படிக்கிறேன் என்று சென்னைக்கு வந்தவன், மாசத்துக்கு ஒருதரம் கூப்பிட்டாலே பெரிசு, அதுவும் பாதியில் "வைக்கறேம்மா" என்று போய்விடுவான். அப்படிப்பட்ட பிள்ளை தினமும் கூப்பிடுகிறான். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எதிர்வீட்டு சரோஜாவோடு எனக்குப் பேச்சு கிடையாது, ஆனாலும் அவள் காதில் விழட்டும் என்று வாசலில் நின்று சத்தமாகச் சொன்னேன். தலை நரைக்கிற வயசில்தான் அவனுக்கு அம்மா ஞாபகம் வந்திருக்கிறது என்றேன். போனைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டே பேசுவேன். நான் பேசப் பேச அவன் அந்தப்பக்கம் ஒரு சத்தமும் போட மாட்டான், 'ம்' கூட இருக்காது. இருக்கியாடா என்றால், இருக்கேம்மா, நீ பாட்டுக்குச் சொல்லு என்பான். அந்த அமைதியை நான் என்னவென்று நினைத்தேன். பிள்ளை அழுகிறான், அழுவது எனக்குத் தெரியக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். பாவி. அவன் குரல் நடுவில் விழுந்தால் என் பேச்சைப் பதிவு எடுக்கிறது கெட்டுப்போய்விடும் என்று பேசாமல் இருந்திருக்கிறான்.

குளிர் காலில் ஏறுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தேன், யாரும் கழற்றவில்லை என்று பிறகுதான் பார்த்தேன். எல்லாம் வெள்ளை. சுவர் வெள்ளை, தரை வெள்ளை, நடுவில் ஆள் உயரத்துக்கு என்னமோ நிற்கிறது, அதன் மேல் ஒரு வெள்ளைத் துணி. அது என் பெரியவனுக்குச் சிலை. குப்புதான் அப்படிச் சொன்னான், அண்ணனுக்கு ஒரு சிலை செஞ்சிருக்கேம்மா, நீ வந்துதான் ஆகணும், கார் அனுப்பறேன் என்று. ஆள் உயரத்துக்கு ஏன் இருக்க வேண்டும், குழந்தை இத்தனூண்டுதானே, நான் மடியில் வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி செய்திருப்பான், என்னையும் சேர்த்து என்றால் அவ்வளவு உயரம் வரும்தான், என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். மடியில் வைத்து. நான் சரியாக மடியில் வைக்கவே இல்லை அவனை. பேர் வைக்கிறதுக்கு முந்தியே காய்ச்சல் வந்து போய்விட்டான். கொடி அன்றைக்குக் காலையில்தான் விழுந்தது. தொப்புளில் கறுப்பாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்ததே அந்தத் துண்டு, அது துணியோடு வந்துவிட்டது, சந்தோஷப்பட்டு எடுத்து முடிந்து வைத்தேன், தாயத்துக்குச் சொல்ல வேண்டும் என்று. பொழுது சாயறதுக்குள் பிள்ளை இல்லை. பொம்பளைகள் வரக்கூடாது என்று ஆம்பளைகள் தூக்கிக்கொண்டு போனார்கள், எந்த இடம் என்று அவங்கப்பா சாகிற வரைக்கும் எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் போய் உட்கார்ந்துகொள்வேன் என்று பயம். உட்கார்ந்துகொண்டுதான் இருந்திருப்பேன். ஆக அவனென்று ஒன்று இந்த உலகத்தில் இருந்ததற்கு அடையாளம் அந்தக் கிராம்பு அளவு துண்டுதான். வெள்ளியில் தாயத்து செய்து, அதற்குள் போட்டு, பத்தர் வாயை அரக்கு வைத்து அடைத்துக் கொடுத்தார், செத்த பிள்ளைக்கு எதற்கம்மா தாயத்து என்று கேட்டுக்கொண்டே. நான் என் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டேன். நாலு வருஷம் கழித்துக் குப்பு பிறந்தான். இவனாவது தங்க வேண்டும் என்று குப்பையில் கிடத்தி எடுத்து, குப்புசாமி என்று பேர் வைத்து, மூக்கைக் குத்தி, வேண்டாத பிள்ளை மாதிரி வளர்த்தேன், எமன் பார்த்தாலும் இதையா எடுப்பது என்று போய்விட வேண்டும் என்று. அவன் கொடி விழுந்தபோது எனக்குத் தோன்றியது, புதுத் தாயத்து வேண்டாம், பெரியவன் காவல் இருக்கட்டும் என்று. அரக்கை நெருப்பில் காட்டி இளக்கி, நானே திறந்து, இவன் துண்டையும் அதற்குள் போட்டு மூடி, இவன் அரைஞாணில் கட்டினேன். அண்ணனும் தம்பியும் ஒரு கூட்டில். இதையும் ஒரு நாள் போனில் சொன்னேன். சொன்னேனே. வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது, அன்றைக்கு மழை, கொட்டையெல்லாம் நமத்துப்போய் உடைபடவில்லை.

துணி மூடின சிலைக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பம், அதன் மேல் கவிழ்த்த கண்ணாடி மூடி, கம்பத்தின் நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு. உள்ளே வந்தவுடனே அந்தப் பொட்டைத்தான் பார்த்தேன், பட்டணத்துப் பிள்ளைகளாக இருந்தாலும் குங்குமம் வைத்திருக்கிறார்களே என்று மனசு குளிர்ந்தது. கண்ணாடிக்குள் என்ன என்று கிட்டப் போய்க் குனிந்தால், தாயத்து. நெட்டுக்கு அறுத்து, மல்லாட்டைக் கடலையை உரித்துத் தோலைப் போட்ட மாதிரி, இரண்டு பாதியாகப் பிளந்து வைத்திருக்கிறது. நடுவில் ஒரே ஒரு துண்டு. ஒன்றுதான். மங்கலாக இருக்கிறதே என்று மூடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், ஒன்றுதான். அதற்குள் ஷாலினி என்கிற பெண், இந்தக் கூடத்துக்குச் சொந்தக்காரியாம், என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, தொடக்கூடாது" என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தொடக்கூடாது. என் தாலிக்கயிற்றில் கிடந்தது, குப்பு அரைஞாணில் கிடந்து அவன் ஓடும்போது சலசலவென்று சத்தம் போட்டது, ஒன்றுக்கொன்று தட்டி இரண்டும் பேசிக்கொள்கிற மாதிரி. அவன் வளர்ந்ததும் திரும்ப என் கயிற்றில் கோத்தேன், அவங்கப்பா செத்துப்போய்க் கயிற்றைக் கழற்றினபோது தாயத்தை எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னால் ஒரு சம்படத்தில் வைத்தேன். பொங்கலுக்கு வந்தவன் கேட்டான், கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டும்மா, நீ சொல்லிச் சொல்லி அண்ணன் மேல ஆசையா இருக்கு. மஞ்சள் நூலில் கட்டி நானே அவன் சட்டைப்பையில் போட்டேன். தண்ணி படாம பாத்துக்கடா என்றேன். சரிம்மா என்றான். அந்த 'சரிம்மா'வில் ஒரு சின்ன வழுக்கல் இருந்தது, இப்போது தெரிகிறது, அப்போதும் காதில் விழுந்தது, காது கேட்டதை மனசு வாங்கிக்கொள்ளவில்லை. அந்தச் சிவப்புப் பொட்டு என்ன என்று ஷாலினியைக் கேட்டேன். "அது வித்துப்போச்சுன்னு அடையாளம்மா. ரெண்டும் சேர்த்தே பம்பாய்ல ஒருத்தர் எடுத்துக்கிட்டார். நம்ம சாமிக்கு இனிமே எங்கயோ போயிடும் பேரு." சாமி என்றால் என் குப்புதான், இங்கே அவனுக்கு முன்பாதி கிடையாது. குப்பையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டான்.

"அந்த வரி இருக்கே அம்மா, நான் அழுதுட்டேன்" என்றாள் அவள், சுவரைக் காட்டி. நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். முக்கால் ஆள் உயரத்துக்குக் கறுப்பாக எழுதியிருந்தது. உன்னையும் அவனோடு சேர்த்து மூடி வைத்தேன். படித்தேன். திரும்பப் படித்தேன். என்னமோ கல் கடித்த மாதிரி இருந்தது. "இது நான் சொன்னதா" என்றேன். "நீங்க சொன்னதேதான். செத்த குழந்தையையும் உயிரோட இருக்கற குழந்தையையும் மனசுக்குள்ள ஒண்ணாப் பூட்டி வச்சிட்டேன்னு, எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு சுளுவா." நான் மனசைச் சொல்லவில்லையே அம்மா, தாயத்தை அல்லவா சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அவளை யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். அப்போதுதான் மேலே இருக்கிற நான் சரியாக அந்த இடத்துக்கு வந்தேன். "உன்னுதையும் அவனுதையும் சேர்த்து மூடி வச்சேன், என்னத்த சொல்றது, போ." உன்னுதையும். உன்னையும் இல்லை, உன்னுதையும். உன்னுது, அவனுது. உன் துண்டு, அவன் துண்டு. எங்கள் ஊரில் குழந்தைகூட அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாது, சண்டை போடும்போது என்னுது உன்னுது என்றுதானே கத்தும். இவன் அதைத் திருத்தியிருக்கிறான். அம்மா கொச்சையாகப் பேசுகிறாள், நாம் நல்லபடி எழுதுவோம் என்று ஓர் எழுத்தை எடுத்துப் போட்டிருக்கிறான். எத்தனை தரம் போட்டுக் கேட்டிருப்பான் இதை. வெட்டி, ஒட்டி, எங்கே நிறுத்த வேண்டும் எங்கே விட வேண்டும் என்று. கேட்டான், கேட்டான், ஒன்றும் கேட்கவில்லை. இவர்களுக்கு எதைச் சொன்னாலும் அது வேறு எதையோ சொல்வதாகத்தான் படுகிறது. உப்பு என்றால் உப்பு இல்லை. தாயத்து என்றால் தாயத்து இல்லை.

குப்பு வந்து பக்கத்தில் குந்தினான். தாடி நரைத்திருக்கிறது, முன்தலை வெறிச்சென்று ஆகிவிட்டது, ஆனாலும் பட்டுச் சட்டை போட்டதும் மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கிறான். என் முட்டியில் கை வைத்தான். அந்தக் கை சூடு. கோபப்பட முடியவில்லை, என்னமோ செய்தது. "அம்மா, துணியை எடுத்ததும் நான் கொஞ்சம் பேசுவேன். அப்புறம் உன்னைக் கூப்பிடுவேன். மைக்கில ஒரே வார்த்தை. இதை எடுத்துக்கச் சொல்லி நான்தான் குடுத்தேன், எனக்குச் சம்மதம்னு சொல்லிடு. அவ்வளவுதான்." "எதை எடுத்துக்கச் சொல்லி?" "அதான்மா, தாயத்தை." "இன்னொரு துண்டு எங்கடா?" கேட்டேன். அவன் முகம் கொஞ்சம் மாறியது. "அது உள்ளயே உடைஞ்சு ரெண்டா கிடந்துதும்மா. ஒரு பாதியை வெளிநாட்டுக்கு ஆய்வுக்கு அனுப்பினேன். அதை மாவா அரைச்சுப் படிச்சாத்தான் அண்ணன் யாருன்னு தெரியும். நான் எல்லாம் சொல்றேன், நீ இப்ப அழாத, போட்டோ எடுக்கறாங்க." மாவாக அரைத்து. மிளகு அரைக்கிற மாதிரி. உடைஞ்சு ரெண்டா கிடந்ததாம். எழுந்து போய்விட்டான். ரேஷன் கடையில் ஒரு மிஷின் வைத்திருக்கிறார்கள், விரலை வைத்தால் ஆள் யார் என்று சொல்லிவிடும். என் விரலை மட்டும் அதற்குத் தெரியாது. முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு ரேகையெல்லாம் வெந்துபோய்விட்டது, ஒவ்வொரு தடவையும் கடைக்காரப் பையன், ஆயா நீ யாருன்னே தெரியலயே என்பான். உயிரோடு எதிரே நிற்கிறவளைத் தெரியாது. அரைத்த மாவைப் பார்த்து, பேர்கூட வைக்காத பிள்ளையைத் தெரியுமாம். எந்தத் துண்டை அரைத்தாய். அதைச் சொல்லடா முதலில். எந்தத் துண்டு. இரண்டும் ஒரே மாதிரி கறுப்பு, நானே பிரித்துச் சொல்ல முடியாது. பெரியவனுடையது கொஞ்சம் நெளிவு என்று ஒரு நினைப்பு, அந்த நினைப்பும் சரியோ என்னமோ. கண்ணாடிக்குள் இருப்பது நெளிவா, நேரா. எழுந்து போய்ப் பார்க்கலாம் என்றால் போட்டோக்காரர்கள் கம்பத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பெரியவன்தான் அரைபட்டான் என்றால் அதோடு முடிந்தது. ஆம்பளைகள் ஒருதரம் தூக்கிக்கொண்டு போனார்கள், இரண்டாவது தரம் நானே மஞ்சள் நூல் கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

துணியை இழுத்தார்கள். மடி இல்லை. குழந்தை இல்லை. ஒரு வாலிபன் நிற்கிறான். இடுப்புக்கு மேலே வெற்றுடம்பு, கல்லும் இல்லாமல் மரமும் இல்லாமல் மெழுகு மாதிரி ஏதோ ஒன்றில் செய்தது, தோலில் ரோமக்கால்கூடத் தெரிகிறது. கறுப்பு. சுருள் முடி. கண் கண்ணாடியில் வைத்திருக்கிறது, நல்ல கறுப்புக் கலந்த பழுப்பு. எல்லாரும் மூச்சை உள்ளே இழுத்தார்கள், நானும் இழுத்தேன், அவர்கள் இழுத்தது வேறு, நான் இழுத்தது வேறு. இது குப்பு. என் குப்பு. சென்னைக்குப் படிக்கப் போன அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில், ஒரு பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, தாடி வருகிறதுக்கு முந்தி, முடி கொட்டுகிறதுக்கு முந்தி, பஸ் எப்போது வரும் என்று அந்தக் கண்ணால் என்னைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றானே, அது. அந்த நெற்றி, கீழுதடு கொஞ்சம் முந்தி நிற்கிறது, தாடை கீழே சின்னதாகி முடிகிற விதம். நான் நாற்காலியில் முன்னால் நகர்ந்து மூக்கைப் பார்த்தேன். இடது பக்கம் ஓட்டை இல்லை. அது ஒன்றுதான் குறை. நான் குத்தின ஓட்டை மாவில் வராது போலிருக்கிறது. குப்பு மைக்கில் பேசுகிறான், பிறந்து சில நாளில் இறந்துபோன என் அண்ணன் இருந்திருந்தால் இருபது வயதில் இப்படி இருந்திருப்பார், மரபணுவைப் படித்து விஞ்ஞானம் சொன்ன முகத்துக்கு நான் உடம்பு கொடுத்தேன். முதல் தடவை திரையில் பார்த்தபோது எனக்கு நடுங்கிவிட்டது, என்னையே பார்ப்பது போல இருந்தது, அண்ணன் தம்பி என்றால் இதுதான் போலும் என்று அழுதேன். அவன் குரல் தழுதழுக்கிறது. நிஜமாகத்தான் அழுகிறான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயைப் பொத்தினேன், பின்னால் யாரோ "பாவம், அழறாங்க" என்றார்கள். டேய் மடையா, என் பெரியவன் என் மாமியார் சாயல். செக்கச் சிவப்பு. செம்பட்டை முடி, உச்சியில் தும்பு மாதிரி. பூனைக்கண். மாமியார் அப்படியே பச்சைக்கண்ணில் முழித்துப் பார்த்து, என்னுதை எடுத்துக்கிட்டு வந்துட்டான் பாரு என்றாள், பிள்ளை போனபோது அந்தப் பூனைக்கண்ணை என் கையால்தான் மூடினேன். அப்படியென்றால் இவன் அரைத்தது. அப்படியென்றால். இரு, பொறுமையாக நினை. அரைத்தது இவனுடையது. இவன் தன்னையே வெளிநாட்டுக்கு அனுப்பி, தன்னையே அரைத்து, தன்னையே செய்து, தனக்கே அழுதுகொண்டு நிற்கிறான். கண்ணாடிக்குள் இருக்கிறது பெரியவன். முழுசாக இருக்கிறான். ஒருத்தரும் அவனைத் தொடவில்லை. அவன் முகம் எனக்கு மட்டும்தான் தெரியும், இன்னும் எனக்கு மட்டும்தான். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன், சாய்ந்தவுடனே அந்தச் சிவப்புப் பொட்டு ஞாபகம் வந்தது. பம்பாய். ரெண்டும் சேர்த்தே.

சரோஜா ஏன் இப்போது வருகிறாள் மனசில். குப்புவுக்குக் கொடி விழுந்த அன்றைக்கு அவள் ஒரு பூவன்பழத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கல்யாணமாகி எத்தனையோ வருஷமாக வயிறு திறக்கவில்லை அவளுக்கு. "அக்கா, அந்தக் கொடித் துண்டைப் பழத்துல வச்சு முழுங்கினா வயித்துல தங்கும்னு சொல்றாங்க, புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது அக்கா" என்று நின்றாள். பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றது. நான் தர மாட்டேன் என்றேன். அன்றையோடு பேச்சு நின்றது. கேட்டுவிட்டு நின்றாள் அவள், அதை நினைக்கிறேன் இப்போது. எதிரே வந்து, முகத்தைப் பார்த்து, இன்னதுக்குத்தான் வேண்டும் என்று சொல்லிக் கேட்டாள். நான் பெற்றது கேட்கவில்லை. பின்னால் ஒரு டாக்டரம்மா எழுந்தார், வெள்ளைப் புடவை, இந்த ஜீன் ஆராய்ச்சிதான் அவர் வேலையாம், ஜீன் ஜீன் என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஜீனி டப்பாதான் கண் முன்னால் வந்தது. ஆனால் அந்தம்மா கேட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது. "சிலை அருமையா இருக்கு சாமி. ஆனா ஒண்ணு கேக்கணும். ஆய்வுக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுக்கணும்னாலே நாங்க எதிர்ல உக்கார வச்சு விளக்கிச் சொல்லி, சரின்னா எடுப்போம், மாட்டேன்னா விட்டுடுவோம். இந்தக் குழந்தைக்கு மாட்டேன்னு சொல்ல வாய் இல்ல. யார்கிட்ட கேட்டீங்க?" எல்லாரும் குப்புவைத் திரும்பிப் பார்த்தார்கள். மேலே நான் மட்டும் திரும்ப முதலிலிருந்து பச்சரிசித் தண்ணி வாசனையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். குப்பு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்கம்மாகிட்ட கேட்டேன். எல்லாத்தையும் விளக்கிச் சொன்னேன். அவங்க கையாலயே அறுத்துக் குடுத்தாங்க." வழுக்கலே இல்லை இந்தத் தடவை. சின்ன வயசில் பொய் சொன்னால் காது நுனி சிவக்கும் அவனுக்கு, கறுப்பாக இருந்தாலும் எனக்குத் தெரியும். பார்த்தேன். சிவக்கவில்லை. நம்பிக்கொண்டு சொல்கிறான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. போனில் எடுத்ததுகூடப் போகட்டும், தாயத்தை அறுத்ததுகூடப் போகட்டும், அறுத்த கத்தியை என் கையில் கொடுத்துவிட்டான். "அம்மா இங்கதான் இருக்காங்க. அவங்களே சொல்லட்டும். வாம்மா."

எழுந்தேன். மடியில் இருந்த மல்லிகைச் சரம் கீழே விழுந்தது, குழந்தை கழுத்துக்குப் போட என்று ஒரு முழம் வாங்கி வந்தேன், ஷாலினி எடுத்துக் கொடுத்தாள். ஒரு கையில் சரம், ஒரு கையில் அவர்கள் கொடுத்த தண்ணீர் பாட்டில். வெறுங்காலில் தரை ஜில்லென்று இருக்கிறது. எத்தனை பேர். எல்லாரும் நல்லவர்கள் மாதிரி பார்க்கிறார்கள். மாட்டேன் என்று சொன்னால் இவன் இத்தனை பேருக்கு நடுவில் குறுகிப்போவான், இத்தனை வருஷம் யாரும் திரும்பிப் பார்க்காமல் பட்டினி கிடந்தவன். சரி என்று சொன்னால் பெரியவன் பம்பாய்க்குப் போவான். யாரோ ஒருத்தர் வீட்டில், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள், பாருங்கள் இதுதான் அது என்று. ஒருத்திக்கு இரண்டு பிள்ளை, ஒன்றுக்குத்தான் வாய் இருக்கிறது. குப்பு என் தோளைப் பிடித்து மைக்குக்கு முன்னால் நிறுத்தினான், காதுகிட்டக் குனிந்து, "சம்மதம்னு சொல்லும்மா" என்றான், போனில் பேசுகிற அதே குரல், சாப்டியாம்மா என்கிற குரல். நான் சிலையைப் பார்த்தேன். கிட்டத்தில் இன்னும் அழகாக இருந்தான். சரத்தை அவன் கழுத்தில் போட்டேன். கன்னத்தைத் தொட்டேன், இதை ஒருத்தரும் தொடக்கூடாது என்று சொல்லவில்லை. "இது என் புள்ளதான்" என்றேன். மேலேயும் கீழேயும் இரண்டு நானாகக் கேட்டது. "அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. இவன் தானாத்தான் வந்து நிக்கறான். இவனுக்குச் சம்மதம்தான்." கை தட்டினார்கள். டாக்டரம்மா மட்டும் தட்டவில்லை, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். குப்பு பெருமூச்சு விட்டது என் கழுத்தில் பட்டது. "அவன்தான் மாட்டேங்கறான்" என்றேன்.

கண்ணாடி மூடி லேசாகத்தான் இருந்தது, கடையில் முறுக்கு பாட்டில் மூடி மாதிரி. தூக்கிக் கீழே வைத்தேன். துண்டு நெளிவாகத்தான் இருந்தது. நாக்கில் வைத்ததும் அரக்கு வாசனை, அப்புறம் வெள்ளி, அப்புறம் ஒன்றும் இல்லை, வெறும் உப்பு. பழம் இல்லை, தண்ணீர்தான். ஒரு மடக்குக் குடித்தேன். தொண்டையில் கொஞ்சம் நின்றது, அவன் எப்போதும் அப்படித்தான், பிறக்கிறபோதும் நின்று நின்றுதான் வந்தான், இன்னொரு மடக்குக் குடித்தேன், இறங்கினான். வந்த வழிக்கே. பின்னால் திரும்பவும் கை தட்டினார்கள், இதுவும் அதில் ஒரு பாகம் என்று நினைத்துக்கொண்டார்கள் போல. போன்களைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஷாலினி வாயைத் திறந்தபடி நின்றாள். குப்பு என் முழங்கையைப் பிடித்தான், இந்தத் தடவை சூடு இல்லை. "என்னம்மா பண்ணின? என்ன பண்ணினம்மா நீ? அது அண்ணன்மா." மைக்கில் விழாமல் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டான். "ஆமாடா, அதான் அண்ணன்" என்றேன். "உன்னுது அங்க நிக்குது." அவனுக்குப் புரியவில்லை. சுவரில் இருக்கிற தன் எழுத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மாலை போட்டுக்கொண்டு நிற்கிறதைப் பார்த்தான். கைதட்டல் ஓய்ந்தது. மேலே நான் திரும்ப மழை நாள் வரைக்கும் வந்துவிட்டிருந்தேன், பின்னால் கொட்டை உடைகிற சத்தம்கூடக் கேட்கிறது, நமத்த கொட்டை, டொப் டொப்பென்று. உன்னுதையும் அவனுதையும், என்றேன். அவன் தலை மெல்ல மேலே போனது. கை தானாகப் போய்த் தன் மூக்கின் இடது பக்கத்தைத் தடவியது, தூர்ந்துபோன அந்த ஓட்டையை. ஒரு வருஷமாகப் போன் பண்ணினான். இப்போதுதான் கேட்கிறான்.